நடந்தால் வலி, உட்கார்ந்தால் போச்சு: ஒரு குறுகலின் வரலாறு

நான் புனேவுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. இங்கே தமிழ்க் குடும்பங்கள் சந்தித்துக்கொண்டால் முன்பெல்லாம் பொங்கலுக்கு ஊருக்கு டிக்கெட் கிடைத்ததா என்பதுதான் பேச்சு. இப்போது ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் முட்டியும் முதுகும். வாட்ஸப்பில் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் வந்து விழுகிறது. 'சிவியர் லம்பார் கெனால் ஸ்டெனோசிஸ்' என்று போட்டிருக்கிறது. கூடவே, "ஆபரேஷன் பண்ணணுமாம், என்ன சொல்றே?" என்று ஒரு வரி. இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு என்ன சொல்வது?

போன வருஷம் மாயவரத்தில் இருக்கும் என் அம்மாவுக்கும் (வயது 71) அப்படி ஒரு ரிப்போர்ட் வந்தது. அப்போதுதான் இந்த நோயின் கதையைத் தேடிப் படித்தேன். முடிவெடுக்க அது நிஜமாகவே உதவியது.

முதலில் நோய் என்ன என்று பார்த்துவிடுவோம். கால்களுக்குப் போகும் நரம்புகள் இடுப்புப் பகுதியில் முதுகெலும்புக்குள் ஒரு குழாய் வழியாக இறங்குகின்றன. வயதாக ஆக டிஸ்க் பிதுங்கி, மூட்டு பெருத்து, தசைநார் தடித்து, அந்தக் குழாய் குறுகுகிறது. நிமிர்ந்து நின்றால் இன்னும் குறுகும். முன்னால் குனிந்தால் கொஞ்சம் விரியும். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை சுலபம்.

கதை ஒரு குதிரையில் தொடங்குகிறது. கொஞ்ச தூரம் ஓடியதும் நொண்டும், ஓய்வு கொடுத்தால் சரியாகும், மறுபடி ஓடினால் மறுபடி நொண்டும். இதைப் பற்றி 1831-ல் பிரான்ஸின் கால்நடை மருத்துவர் பூலே எழுதினார். காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. 1858-ல் ஷார்கோ அதே நோய் மனிதருக்கும் வரும் என்று காட்டினார். ஆனால் 1911-ல் டெஜரின் என்பவர், பாதத்தில் நாடி நன்றாகத் துடிப்பவர்களுக்கும் நடந்தால் இப்படி ஆகிறதே என்று கவனித்து, கோளாறு தண்டுவடத்தில் என்றார்.

முழு விளக்கம் தந்தவர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர நரம்பியல் அறுவை நிபுணர் ஹென்க் வெர்பீஸ்ட். 1949-ல் பிரெஞ்சிலும், 1954-ல் ஏழு நோயாளிகளை வைத்து ஆங்கிலத்திலும் எழுதினார். நின்றால், நடந்தால் வலி. உட்கார்ந்தால், படுத்தால் போய்விடுகிறது. காரணம் எலும்புக் குழாயின் குறுகல். எலும்பை வெட்டி இடம் பண்ணிக் கொடுத்தார். ஆக, இந்த நோய் அறுவை சிகிச்சையோடு சேர்ந்தேதான் பிரபலமானது.

1977-ல் டைக், டாயில் இருவரும் ஒரு எளிய சோதனையைப் பிரபலப்படுத்தினார்கள். நோயாளியை சைக்கிளில் உட்காரவைத்து மிதிக்கச் சொல்வது. நிமிர்ந்து மிதித்தால் கால் வலிக்கிறது, குனிந்து மிதித்தால் குறைகிறது என்றால் நரம்புக் குறுகல். ரத்தக்குழாய் அடைப்பென்றால் எப்படி உட்கார்ந்தாலும் வலிக்கும்.

எண்பதுகளில் எம்.ஆர்.ஐ. வந்தது. படம் தெளிவானது, குழப்பம் கூடியது! 1990-ல் போடன் குழுவினர் முதுகுவலியே இல்லாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். அறுபது தாண்டியவர்களில் 21 சதவீதம் பேருக்குக் குறுகல் இருந்தது. அதாவது, படத்தில் இருப்பதெல்லாம் வலி அல்ல.

வைத்தியமே செய்யாமல் விட்டால்? 1992-ல் யோன்சன் குழு அப்படி 32 பேரைச் சுமார் நான்கு வருஷம் கவனித்தது. 70 சதவீதம் பேர் அப்படியே இருந்தார்கள், 15 சதவீதம் தேறினார்கள், 15 சதவீதம் மோசமானார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் எல்லோரும் படுத்த படுக்கையாகிவிடுவார்கள் என்ற பயத்துக்கு அது நல்ல பதில்.

ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2008-ல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி அதிகம் குறைந்திருந்தது. 2015-ல் 169 பேரை வைத்து நடந்த ஆய்வில், இரண்டு வருஷ முடிவில் அறுவைக்கென்று பிரிக்கப்பட்டவர்களும் பிசியோதெரபிக்கென்று பிரிக்கப்பட்டவர்களும் நடமாட்டத்தில் ஏறக்குறைய சமம். ஆனால் பிசியோதெரபி அணியில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நடுவிலேயே அறுவைக்கு மாறியிருந்தார்கள், அதையும் மறைக்கக் கூடாது. முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி? 2014-ல் 400 பேரிடம் பார்த்ததில், மரப்பு மருந்தை மட்டும் போட்டதைவிட ஆறு வாரத்தில் பெரிய பலன் இல்லை.

அம்மா விஷயத்தில் இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, "எவ்வளவு நேரம் நடப்பீங்க? குனிஞ்சா எப்படி இருக்கு?" என்று கேட்டார். ஐந்து நிமிஷம்தான். ஆனால் இங்கே வந்தபோது சூப்பர் மார்க்கெட் டிராலியைச் சாய்ந்து தள்ளிக்கொண்டு கடை முழுக்கச் சுற்றியது எனக்கு ஞாபகம் வந்தது. சொன்னேன். டாக்டர் சிரித்துவிட்டார், 1977-ன் சைக்கிள் சோதனையை அம்மா தன்னை அறியாமல் செய்திருக்கிறார்!

பிறகு பிசியோதெரபிஸ்ட் கொடுத்த திட்டம் இது: வலி உச்சத்துக்குப் போகும் முன்பே உட்கார்ந்துவிட வேண்டும், தெளிந்ததும் மறுபடி நடக்க வேண்டும். படுத்து முழங்காலை நெஞ்சுக்கு இழுக்கும் பயிற்சி, வயிற்றுக்கும் இடுப்புக்கும் பயிற்சி, வீட்டில் நிற்கும் சைக்கிள். எட்டு மாதத்தில் ஐந்து நிமிஷம் பதினைந்தாகியிருக்கிறது. குறுகல் அப்படியேதான் இருக்கும். அம்மாவின் நாள் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தாலோ, கால் பலவீனம் கூடிக்கொண்டே போனாலோ நடைப்பயிற்சி பேசக்கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மற்றபடி, ஊரிலிருந்து ரிப்போர்ட் வந்தால் உடனே முடிவு சொல்லாதீர்கள். போன் போட்டு, "எத்தனை நிமிஷம் நடக்க முடியுதும்மா?" என்று முதலில் கேளுங்கள். அந்த எண்ணிக்கையோடு டாக்டரிடம் பேசுங்கள்.