பாரு வச்ச சைக்கிள்

நம்ம மலையோட பழைய கதை ஏதாவது எழுதிக் கொடுங்கக்கா என்று மலர்க் குழுவில் கேட்டார்கள். காப்பி வந்த கதையை, 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே செடி வைத்த கதையை எழுத நாலு பேர் இருப்பார்கள். சேர்வராயன் கோயில் கதையை எழுதப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் சைக்கிளைப் பற்றி எழுதுகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர்ற ஊருல சைக்கிளுக்கு என்னக்கா கதை இருக்குன்னு சிரிக்காதீங்க. இருக்கு. அதுவும் பொம்பளைங்க கதையா இருக்கு.

இப்போதெல்லாம் செல்போனைத் திறந்தால் அந்தக் காலத்து சைக்கிள் படம் போட்டு, "இதை ஓட்டியவர்கள் கையைத் தூக்குங்கள்" என்று அனுப்புகிறார்கள். கால், அரை, முக்கால் என்று அளவு வைத்த வாடகை சைக்கிள், மணிக்கணக்கு எழுதும் நோட்டு, இரவில் லைட் இல்லாமல் போய் போலீசில் மாட்டியது, டபுள்ஸ் போனதற்கு அபராதம் கட்டியது, எல்லாம் வருகிறது. 2024ல் 'குரங்கு பெடல்' என்று ஒரு சினிமாவே வந்தது. எல்லாம் உண்மைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் படங்களிலும் கதைகளிலும் சீட்டில் உட்கார்ந்திருப்பது எப்போதும் ஒரு பையன்தான். அவன் தங்கச்சி பின்னால் கேரியரில் இருப்பாள், இல்லையென்றால் பக்கத்தில் ஓடி வருவாள்.

நான் ஓடி வந்தவள். எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் மூன்றே மூன்று சைக்கிள். எஸ்டேட் ரைட்டரிடம் ஒன்று, தபால்காரரிடம் ஒன்று, எங்கள் பெரியப்பாவிடம் ஒன்று. மூன்றும் கறுப்பு, மூன்றும் பாரு வைத்தது. சீட்டுக்கும் ஹாண்டில்பாருக்கும் நடுவில் குறுக்கே போகிற கம்பியைத்தான் பாரு என்போம். பையன்கள் கால் எட்டாவிட்டால் பாருக்குக் கீழே காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கமாகக் கோணி மிதிப்பார்கள். அதுதான் குரங்குப் பெடல். பாவாடை கட்டிய பிள்ளைக்கு அது முடியாது. காலைத் தூக்கிப் பாருக்கு மேலே போடுவதற்கும் வீட்டில் விடமாட்டார்கள். ஓட்டக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. அந்த ஒரு கம்பியே போதுமானதாக இருந்தது.

அந்த சைக்கிள் எவ்வளவு எளிமையான வண்டி என்பதையும் சொல்ல வேண்டும். எடை சுமார் 20 கிலோ. கியர் கிடையாது. பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரம் ரெண்டேகால், ரெண்டரை சுற்று சுற்றும், அவ்வளவுதான் கணக்கு. சமதளத்துக்கு அது அளவெடுத்துச் செய்த கணக்கு. சேலம் டவுன் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். இந்த ஏற்றத்தில் அந்தக் கணக்கு செல்லாது. அதனால் நம்ம மலையில் சைக்கிள் பாதி நேரம் வண்டி, பாதி நேரம் தள்ளுவண்டி. பெரியப்பா பாருக்குக் குறுக்கே வாழைத்தார் போட்டு, கேரியரில் மிளகு மூட்டை கட்டி, ஏற்றத்தில் தள்ளிக்கொண்டே போவார். இறக்கத்தில்தான் ஏறி உட்காருவார். இறக்கம் இன்னும் மோசம். அப்போது கேபிள் கிடையாது, கம்பி பிரேக். கைப்பிடியை அழுத்தினால் கம்பி இழுத்து, ரப்பர் கட்டை ரிம்மில் போய் உரசும். மழையில் ரிம் நனைந்தால் கட்டை வழுக்கும். நம்ம மலையில் மழைக்கும் பனிக்கும் பஞ்சமா? செருப்பைத் தரையில் தேய்த்து நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர்.

இந்தப் பாரு ஏன் வந்தது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இன்றைக்கு நாம் பார்க்கிற சைக்கிளின் மூலம் 1885ல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் செய்த 'ரோவர்' வண்டி. இரண்டு சக்கரமும் ஒரே அளவு, செயின் பின்சக்கரத்தை இழுக்கும். மூன்று வருடத்தில் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். மேல் கம்பி இருந்தால் சட்டம் முக்கோணமாகப் பூட்டிக்கொள்ளும், பாரம் தாங்கும். அதற்காக வைத்தது. வெள்ளைக்காரப் பெண்களின் நீளப் பாவாடைக்கு அது ஒத்துவராததால் பாரை இறக்கி வளைத்து லேடீஸ் சைக்கிள் செய்தார்கள். அங்கேயும் பேச்சு சும்மா இல்லை. சைக்கிள் ஓட்டினால் பெண்ணின் முகமே கோணிப்போகும், கர்ப்பப்பைக்குக் கெடுதல் என்று டாக்டர்களே எழுதினார்கள். அமெரிக்காவில் ஓட்டுரிமைக்குப் போராடிய சூசன் அந்தோணி அம்மா 1896ல் ஒரு பேட்டியில், பெண்களுக்கு விடுதலை தந்ததில் சைக்கிளுக்கு ஈடாக வேறொன்றும் இல்லை என்ற பொருளில் சொன்னார். கர்ப்பப்பைக் கதையை எங்கள் ஆயா எந்த டாக்டர் எழுதியதையும் படிக்காமலே சொன்னது. ஊருக்கு ஊர் அதே கதைதான் போலிருக்கு!

நம் நாட்டிலேயே சைக்கிள் செய்ய ஆரம்பித்தது சுதந்திரம் வந்த பிறகு பெருகியது. 1949ல் டிஐ சைக்கிள்ஸ் சென்னையில் தொடங்கி அம்பத்தூரில் ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ எல்லாம் செய்தது. வடக்கே 1951ல் அட்லஸ், 1956ல் ஹீரோ. லேடீஸ் சைக்கிளும் செய்தார்கள். டவுனில் டீச்சரம்மா, நர்சம்மா ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கூலி வேலைக்குப் போகிற பொம்பளை ஓட்டி நான் பார்த்ததில்லை.

அதை மாற்றியது புதுக்கோட்டை. மகளிர் திட்டத்தின் பயிற்சிக்கு நாங்கள் சேலம் போனபோது ஒரு பயிற்சியாளர் அம்மா இந்தக் கதையைச் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாரும் தூங்கி வழிகிற நேரம், ஒருத்தரும் தூங்கவில்லை.

1991ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிற இயக்கம்தான். ஆனால் ஊர் ஊராகப் போய் வகுப்பு எடுக்க வேண்டிய பெண் தொண்டர்களுக்கு பஸ் கிடையாது. அண்ணனோ புருஷனோ கொண்டுபோய் விட்டால்தான் வகுப்பு. அதனால் சைக்கிள் ஓட்டுவதையும் பாடத்தில் ஒன்றாகச் சேர்த்தார்கள். அ, ஆ கற்பதுபோல பெடலும் ஒரு படிப்பு. கற்றுக்கொண்டவர் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்தார். அதற்கென்று பாட்டுக்கூட எழுதினார்கள். கலெக்டர் பேங்குகளிடம் பேசி, பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்க வைத்தார். நம்ம சங்கத்தில் கடன் விண்ணப்பம் எழுதுகிற எல்லாரும் இந்த வரியை ரெண்டு தடவை படியுங்க: முப்பது வருஷத்துக்கு முன்னாடி, கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டிருக்கும்போதே, சைக்கிளுக்குக் கடன்.

கல் குவாரியில் வேலை செய்கிறவர்கள், வயல் வேலைக்காரர்கள், பால்வாடி ஆயாமார்கள், டீச்சர்கள், இஸ்லாமியப் பெண்கள் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஹாண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை டவுனுக்குள் ஊர்வலம் போனார்கள். அந்த மாவட்டத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றதாக பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். அவர் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். பிறகு சில பெண்கள், எங்களுக்கு ஜென்ட்ஸ் சைக்கிளே நல்லது என்றார்களாம். ஏனென்றால் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்.

நம்மை ஏறவிடாமல் வைத்திருந்த அதே கம்பிதான்! பின்னால் தண்ணீர்க் குடம், முன்னால் பாரில் பிள்ளை. காய்கறி விற்கப் போகிறவர் பஸ்ஸுக்காக ரெண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. தெருவில் கேலி பேசினவர்களும் இருந்தார்கள், கேட்க முடியாத பேச்சு. அதையும் தாண்டி ஓட்டினார்கள்.

அந்தப் பயிற்சியாளர் அம்மாவிடம் நான் எழுந்து கேட்டேன்: "புதுக்கோட்டை தரைக்காடுங்கம்மா. எங்க மலைல எப்படி ஓட்டுறது?" அவர்களிடம் பதில் இல்லை. இந்தக் கேள்விக்கு வெளியூர்க்காரர் யாரும் பதில் சொல்ல முடியாது என்று அன்றைக்குப் புரிந்தது.

சேலம் மாவட்டத்துக்குப் பெண்கள் முன்னேற்றத் திட்டம் 1991-92லேயே வந்துவிட்டது, தர்மபுரிக்கு அடுத்தபடி. ஆனால் எங்கள் குழு ஆரம்பித்தது 1999ல். பதினாறு பேர். சேமிப்புப் பணத்தை ஏற்காடு பேங்கில் கட்ட ஆறு கிலோமீட்டர். காலை பஸ் ஒன்று, அதை விட்டால் நடைதான். பணம் கையில் இருப்பதால் ஒருத்தி தனியாகப் போகக் கூடாது என்று தீர்மானமே போட்டிருந்தோம். ரெண்டு பேர் போனால் ரெண்டு பேருடைய அன்றைய கூலி போச்சு. யாரும் அதைச் செலவுக் கணக்கில் எழுதியதில்லை. பழைய நோட்டுகளைப் புரட்டினால் டீச்செலவு இருக்கிறது, ஜெராக்ஸ் செலவு இருக்கிறது, அந்தக் கூலி மட்டும் இல்லை.

அப்புறம் அரசாங்க சைக்கிள் வந்தது. 2001-02ல் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு மற்ற மாணவிகளுக்கும் பையன்களுக்கும் கொடுத்தார்கள். நல்ல திட்டம், சந்தேகமில்லை. ஆனால் என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன்: பதினொன்றாம் வகுப்பில் கிடைக்கிற சைக்கிள், தூரம் அதிகம் என்று எட்டாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளைக்கு எட்டாது. மலைக்கு முதலில் வேண்டியது சாயங்கால பஸ். என் அக்கா நின்றது அப்படித்தான். என் மகளுக்கு 2007ல் கிடைத்தது. பஸ் மேலே கட்டி ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தோம். முதல் மாதம் அவள் ஓட்டியதைவிட அவள் தம்பி ஓட்டியதுதான் அதிகம்.

எங்களுக்கு அந்த சைக்கிள் பயன்பட்டது காப்பிக் களத்தில். மலையில் நூறு அடி சமதளம் வேண்டுமென்றால் அது ஒன்றுதான், சிமெண்டு போட்ட களம். மார்ச்சுக்குள் காப்பி காய்ந்து மூட்டை கட்டிவிடுவார்கள், ஏப்ரலில் களம் சும்மா கிடக்கும். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனோம். என் மகள்தான் வாத்தியார். அவள் லேடீஸ் சைக்கிள் ஒன்று, பெரியப்பாவின் பழைய பாரு சைக்கிள் ஒன்று. உடைக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. தோட்ட வேலைக்குச் சேலைக்கு மேல் புருஷன் சட்டையைப் போட்டு இழுத்துச் செருகித்தானே போகிறோம், அதே கோலம். பத்து நாளில் ஒன்பது பேர் கற்றுக்கொண்டார்கள். வயது முப்பத்தைந்திலிருந்து ஐம்பத்தொன்று வரை. களத்தின் விளிம்பைத் தாண்டி சில்வர் ஓக் மரத்தில் மோதி மிளகுக் கொடியோடு கீழே வந்த மூத்த உறுப்பினர், எழுந்து நின்று கேட்ட முதல் கேள்வி: "மொளகு கொட்டிருச்சா?"

பாரு சைக்கிளில் கற்றவர்கள்தான் மலைக்குத் தோதாக இருந்தார்கள் என்பது இன்னும் எனக்கு ஆச்சரியம். ஏற்றத்தில் தள்ளும்போது பாரில் மூட்டையைக் குறுக்கே போட்டால் ஒரு கையால் வண்டி, ஒரு கையால் மூட்டை பிடித்துக்கொள்ளலாம். லேடீஸ் சைக்கிளில் அந்த இடமே இல்லை. பேங்குக்குப் போகிற பாதையில் மூன்று ஏற்றம். அதில் இறங்கித் தள்ளுவது, மற்ற இடத்தில் மிதிப்பது என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை மணி நேர நடை ஐம்பது நிமிஷமானது. ஒருத்தியே போய் பத்து மணிக்குள் திரும்பி அரை நாள் வேலைக்குப் போனாள். தனியாகப் போகக் கூடாது என்ற தீர்மானத்தை 2009 ஜனவரிக் கூட்டத்தில் ரத்து செய்தோம். பதினாறு கையெழுத்தும் நோட்டில் இருக்கிறது. அடுத்த மாதமே இரண்டு உறுப்பினர்களுக்கு தலா 3,000 ரூபாய் சைக்கிள் கடன் கொடுத்தோம். பத்து மாதத் தவணை, ஒருத்தரும் பாக்கி வைக்கவில்லை.

இப்போது ஸ்கூட்டி வந்துவிட்டது. 2018ல் வேலைக்குப் போகிற பெண்களுக்கு அரசு 25,000 ரூபாய் வரை மானியம் கொடுத்தபோது நம் கூட்டமைப்பிலும் வாங்கினவர்கள் உண்டு. மலைக்கு அதுதான் சரியான வண்டி, மறுக்கவில்லை. அட்லஸ் கம்பெனி 2020 ஜூன் 3ஆம் தேதி கடைசியாக ஓடிக்கொண்டிருந்த தொழிற்சாலையையும் நிறுத்தியது. ஐ.நா. சபை அறிவித்த உலக சைக்கிள் தினமும் அதே தேதிதான். அன்றைக்குப் பார்த்தா நிறுத்தணும்!

பெரியப்பாவின் சைக்கிள் இப்போது குழுவின் பொதுச் சொத்துப் பதிவேட்டில் இருக்கிறது. எடை மிஷின், தார்ப்பாய், நாற்காலிகளோடு நாலாவது வரி. மிளகு சீசனில் இன்னும் மூட்டை தள்ள எடுக்கிறார்கள். போன மாதம் அதற்குக் கம்பி பிரேக் கட்டை வாங்க சேலம் போனேன். நாலு கடையில் இல்லை என்றார்கள். ஐந்தாவது கடைக்காரர் பரணில் ஏறி ஒரு டப்பாவை எடுத்துத் தூசு தட்டினார். எத்தனை இருக்கு என்று கேட்டேன். பதினொன்று இருந்தது. பதினொன்றையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.