எந்தக் கம்பனி, எந்தத் திகதி? – நாய்ச் சாப்பாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு

போன வருடம் நாங்கள் வாடகைக்கு இருக்கிற வளவுக்குள் ஒரு நாய் வந்து சேர்ந்தது. ஆருடைய நாய் என்று தெரியாது. கம்பஸ் முடிந்து வரும்போது படலையடியில் நிற்கும். நாங்கள் நாலு பேரும் சேர்ந்து அதற்குப் பிறவுணி என்று பெயர் வைத்தோம். மத்தியானம் மிஞ்சின சோறும் மீன்குழம்பும் வீட்டுக்கார அம்மா போடுவா. அவ ஊருக்குப் போன ஒரு கிழமை, எங்களுக்குப் பரீட்சை. சமைக்க நேரமில்லை. ஒரு கடையில் மூடையை அவிழ்த்து வைத்து கிலோக் கணக்கில் நிறுத்து விற்கிற நாய்ச் சாப்பாட்டை ஒரு வெள்ளைப் பொலித்தீன் பையில் வாங்கிவந்தோம். மலிவு.

ஐந்தாம் நாள் பிறவுணி சத்தியெடுக்கத் தொடங்கியது. வயிற்றோட்டமும் சேர்ந்துகொண்டது. ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். மிருக வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளையள், என்ன சாப்பாடு குடுத்தனீங்கள்?" சொன்னோம். அடுத்தது, "எந்தக் கம்பனி? எந்தத் திகதி?" எங்களிடம் பதில் இல்லை. பையில் ஒரு எழுத்தும் இருக்கவில்லை.

சேலைன் ஏற்றி, ஊசி போட்டு, மூன்று நாளில் பிறவுணி எழும்பிவிட்டது. அந்தச் சாப்பாடுதான் காரணமா என்று அவவாலும் சொல்ல முடியவில்லை. சொல்லுவதற்கு எங்களிடம் ஒரு தகவலும் இல்லையே. ஆனால் அந்த இரண்டு கேள்வியும் எங்களை விடவில்லை. வரலாறு படிக்கிற ஆக்கள் என்றபடியால் பின்னோக்கிப் போய்த் தேடினோம். தேடத்தேட ஒன்று விளங்கியது. நாய்ச் சாப்பாட்டு வியாபாரத்தின் வரலாறு முழுக்க இந்தக் கேள்விகளின் வரலாறுதான். உள்ளே என்ன இருக்கு? செய்தது ஆர்?

பக்கற்றுக்கு முன்

மனிதன் பயிர் செய்யத் தொடங்கிய காலத்திலிருந்தே நாய் அவன் சாப்பிட்டதைத்தான் சாப்பிட்டு வந்திருக்கிறது. இதற்குச் சாட்சி நாயின் உடம்பிலேயே இருக்கு. 2013 இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாயினதும் ஓநாயினதும் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். மாப்பொருளைச் சமிக்கச் செய்யும் நொதியத்தை உண்டாக்கும் மரபணு ஓநாயில் இரண்டு பிரதிதான். நாயில் நாலிலிருந்து முப்பது வரை. அதாவது சோறும் ரொட்டியும் நாய்க்கு அந்நியமான சாமான் இல்லை. "நாய் என்றால் ஓநாய், அதற்கு இறைச்சி மட்டும்தான்" என்று விளம்பரம் சொல்லும்போது இதை ஞாபகம் வைத்திருங்கோ.

இலண்டனில் ஒரு அமெரிக்கர்

பக்கற் சாப்பாட்டின் கதை தொடங்குவது 1860களின் இலண்டனில். ஜேம்ஸ் ஸ்பிராட் என்பவர் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்தவர். இடிதாங்கி விற்க வந்தவர். துறைமுகத்தில், கப்பல்காரர் வீசிய காய்ந்த பிஸ்கற்றைத் தெருநாய்கள் சண்டை பிடித்துச் சாப்பிடுவதைக் கண்டுதான் அவருக்கு யோசனை வந்தது என்று கதை சொல்லுவார்கள். கோதுமை மா, மரக்கறி, இறைச்சி சேர்த்து நாய் பிஸ்கற் செய்து, 1861 இல் காப்புரிமையும் எடுத்தார்.

அவர் குறிவைத்தது வேட்டைநாய் வளர்த்த பணக்காரரை. இறைச்சி அமெரிக்கப் புல்வெளி மாட்டினது என்று விளம்பரம் சொன்னது. அது எந்தப் பகுதி இறைச்சி, எங்கேயிருந்து வாங்கினது என்று ஸ்பிராட் வெளியில் சொல்லவில்லை. வியாபார இரகசியம். ஆக, முதல் நாளிலேயே வழக்கம் தொடங்கிவிட்டது. பக்கற்றின் முன்பக்கம் பெரிய கதை சொல்லும், உள்ளே என்ன என்பது மறைந்திருக்கும்.

இந்தக் கம்பனியில் இளம் வயதிலேயே வேலைக்குச் சேர்ந்த ஒருவர்தான் சார்ள்ஸ் க்ரஃப்ட். 1891 இல் அவர் தன்னுடைய பெயரிலேயே தொடங்கிய நாய்க் கண்காட்சி இன்று உலகப் புகழ் பெற்றது. நாய்ச் சாப்பாடு விற்ற கையே நாய் அழகுப் போட்டியும் நடத்தியது. நல்ல நாய் எது, அதற்கு நல்ல சாப்பாடு எது என்று இரண்டையும் சந்தையே சொல்லத் தொடங்கியது.

குதிரை, ரின், யுத்தம்

முதலாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்காவில் குதிரையின் வேலையை உழவு இயந்திரமும் மோட்டார் வண்டியும் எடுத்துக்கொண்டன. வேலை இல்லாத குதிரைகள் மலிந்தன. 1922 இல் இலினோய் மாநிலத்தில் செப்பல் சகோதரர்கள் குதிரை இறைச்சியை ரின்னில் அடைத்து 'கென்-எல் ரேஷன்' என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள். மனிதருக்கு வேண்டாமல் போனது நாய்க்குப் போனது. இது மட்டும் இன்றுவரை மாறவில்லை. இறைச்சிக் கடையிலும் ஆலையிலும் மிஞ்சுவதை வீணாக்காமல் எடுக்கிற தொழில்தான் இது. அதில் பிழை இல்லை. ஈரலும் இதயமும் நாய்க்கு நல்ல சாப்பாடுதான். மிஞ்சினது எது என்று சொல்லாமல் விடுவதுதான் சிக்கல்.

இரண்டாம் உலக யுத்தத்தில் தகரம் படைக்குத் தேவைப்பட்டது. ரின் சாப்பாடு சுருங்க, உலர்ந்த சாப்பாடு அந்த இடத்தைப் பிடித்தது. யுத்தத்துக்குப் பிறகு வந்தது ஒரு இயந்திரம். காலைச் சாப்பாட்டுத் தானியம் செய்கிற ரால்ஸ்டன் பியூரினா கம்பனி, அதே இயந்திரத்தை நாய்ச் சாப்பாட்டுக்கும் பயன்படுத்தி 1957 இல் 'டோக் சௌ'வைக் கடைக்குக் கொண்டுவந்தது. எங்கட இடியப்ப உரலை நினைத்துக்கொள்ளுங்கோ. தானிய மாவும் இறைச்சித் தூளும் சேர்த்த குழையலை நீராவியிலும் அழுத்தத்திலும் வேகவைத்து, சின்னத் துவாரத்தால் தள்ளுவார்கள். வெளியே வந்ததும் பொரி மாதிரி ஊதும். வெட்டி, காயவைத்து, மேலே கொழுப்புத் தெளித்தால் முடிந்தது. ஊதுவதற்கு மாப்பொருள் வேண்டும். அதனால்தான் உலர்ந்த உருண்டையில் எப்போதும் சோளமோ அரிசியோ கிழங்கோ பருப்போ இருக்கும். நாய் ஓடி வருவது பெரும்பாலும் அந்த மேல்கொழுப்பின் வாசத்துக்குத்தான். காற்றுப் பட்டால் முதலில் பழுதாவதும் அந்தக் கொழுப்புத்தான். திறந்த மூடையில் நாள்கணக்காகக் கிடந்த எங்கட சாப்பாட்டைப் பற்றி இதைப் படிக்கும்போதுதான் யோசித்தோம்.

1960களில் அமெரிக்கக் கம்பனிகள் ஒன்றாகச் சேர்ந்து, வீட்டில் மிஞ்சும் சாப்பாட்டை நாய்க்குப் போடக்கூடாது என்று பெரிய பிரசாரம் செய்தன. ஆயிரமாயிரம் வருடமாக நாயை வளர்த்த சாப்பாடு ஒரு தலைமுறைக்குள் குற்றமாகிவிட்டது.

நல்ல பக்கமும் உண்டு

எல்லாம் ஏமாற்று என்று எழுதிவிட்டுப் போனால் அது வரலாறு இல்லை. 1930களின் கடைசியில் மார்க் மொறிஸ் என்ற மிருக வைத்தியரிடம், கண் தெரியாத ஒருவரின் வழிகாட்டி நாயைக் கொண்டுவந்தார்கள். சிறுநீரகம் பழுது. அவர் அதற்கென்று தனியான சாப்பாடு செய்து கொடுத்தார். அதிலிருந்துதான் நோய்க்கேற்ற உணவு என்ற துறை வளர்ந்தது. 1948 இல் கன்சாஸ் மாநிலத்தின் ஹில் என்ற கம்பனி அதைத் தயாரிக்கத் தொடங்கியது.

1987 இல் இன்னொரு பாடம். 'முழுமையான உணவு' என்று அச்சடித்த சாப்பாட்டைச் சாப்பிட்ட பூனைகளுக்கு இதயம் வீங்கியது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் போல் பயன் என்ற வைத்தியரும் கூட இருந்தவர்களும், டோரின் என்ற சத்துக் குறைவுதான் காரணம் என்று காட்டினார்கள். கம்பனிகள் டோரினைக் கூட்டின, நோய் பெருமளவு குறைந்தது. அறிவு வளர வளர 'முழுமை' என்ற சொல்லின் அர்த்தமும் மாறுகிறது.

2007

இந்த வரலாற்றில் எங்களை உலுக்கியது 2007 மார்ச் மாதம். கனடாவின் மெனு ஃபூட்ஸ் கம்பனி 6 கோடிக்கும் கூடுதலான நாய், பூனைச் சாப்பாட்டு ரின்களையும் பைகளையும் சந்தையிலிருந்து திருப்பி எடுத்தது. சாப்பிட்ட பிராணிகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு ஆயிரக்கணக்கான முறைப்பாடுகள் போயின. காரணம் மெலமைன், பிளாஸ்ரிக் செய்யப் பயன்படும் இரசாயனம்.

அது ஏன் சாப்பாட்டுக்குள் வந்தது? புரதத்தை நேரே அளக்காமல், அதிலுள்ள நைதரசனை அளந்துதான் கணக்குப் போடுவார்கள். மெலமைனில் நைதரசன் நிறைய. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் அதைக் கலந்தால் பரிசோதனையில் புரதம் கூடக் காட்டும், சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். பக்கற்றில் போட்ட புரத எண் பொய்யாகியது.

இன்னொன்றும் அன்று வெளிச்சத்துக்கு வந்தது. மலிவான பெயரும் விலைகூடின பெயருமாக நூற்றுக்குக் கிட்டின பிராண்டுகளின் சாப்பாடு ஒரே கம்பனியில் செய்யப்பட்டிருந்தது. கூடக் காசு கொடுத்தவர்கள் தப்பவில்லை. அடுத்த வருடமே, 2008 இல், சீனாவில் அதே மெலமைன் குழந்தைகளின் பால்மாவில் வந்தது. ஏறத்தாழ 3 இலட்சம் பிள்ளைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 பேர் இறந்தார்கள். நாயின் தட்டில் வந்த எச்சரிக்கையை உலகம் நாயோடு நிறுத்திக்கொண்டது.

பிறகு தானியம் இல்லாத சாப்பாடு நாகரிகமாகியது. 2018 இல் அதே நிர்வாகம், பருப்பு வகை கூடின அந்தச் சாப்பாட்டுக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று விசாரிக்கத் தொடங்கியது. காரணம் இதுதான் என்று இன்னும் நிறுவப்படவில்லை. ஆனால் 'தானியம் இல்லை' என்பது ஆரோக்கியத்துக்கான அத்தாட்சி இல்லை என்பது மட்டும் தெளிவு.

அப்ப எதை வாங்குவது?

எங்களுக்குப் பிராண்ட் சொல்லத் தெரியாது. பக்கற்றைத் திருப்பி வாசிக்கச் சொல்லத் தெரியும்.

முதலில், 'முழுமையானதும் சமநிலையானதும்' என்ற வசனம் இருக்கிறதா, எந்த வயதுக்கு என்று பாருங்கோ. குட்டிக்கும் வளர்ந்த நாய்க்கும் தேவை வேறு. 'பிரீமியம்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் அர்த்தமே இல்லை.

இரண்டாவது, சேர்மானங்களை நிறையின்படி எழுதுவார்கள், அதில் தண்ணீரும் அடக்கம். பச்சைக் கோழி முதலில் நின்றாலும் காய்ந்தபிறகு அது பின்னுக்குப் போகலாம். அமெரிக்க விதிப்படி 'கோழியுடன்' என்று எழுத 3 வீதம் கோழி போதும். 'கோழிச் சுவை' என்றால் அதுவும் தேவையில்லை.

மூன்றாவது, ரின்னையும் உருண்டையையும் அப்படியே ஒப்பிட வேண்டாம். ரின்னில் புரதம் 10 வீதம், தண்ணீர் 78 வீதம் என்றால், தண்ணீரைக் கழித்த 22 இல் 10 புரதம். அதாவது 45 வீதம். உருண்டையில் 26 வீதம் என்று போட்டிருந்தாலும், 10 வீதத் தண்ணீரைக் கழித்தால் 29 வீதம்தான்.

நாலாவது, செய்த கம்பனி, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி. இந்த மூன்றும் இல்லாததை வாங்காதீங்கோ. வாங்கியதை அதே பையிலேயே வாயை இறுக்கி வையுங்கோ.

வீட்டுக்கார அம்மாவின் சோறும் மீனும் நஞ்சு இல்லை. ஆனால் அது மட்டும் என்றால் கல்சியமும் சில விற்றமின்களும் குறையும் என்று வைத்தியர் சொன்னா. வெங்காயம் போட்ட குழம்பு, சமைத்த எலும்பு, சொக்லேற், திராட்சை கூடவே கூடாது. அம்மா இப்போது வெங்காயம் போட முதல் பிறவுணிக்குக் கொஞ்ச மீனை எடுத்து வைக்கிறா. "எங்கட காலத்தில நாய்க்கு ஆர் இதெல்லாம் பாத்தது" என்று சொல்லிக்கொண்டேதான் எடுத்து வைக்கிறா.

ஒரு நேரம் அந்தச் சோறு, ஒரு நேரம் பக்கற். நாலு பேரும் காசு சேர்த்துச் சின்னப் பக்கற்றாக வாங்குகிறோம். முடிந்தாலும் பையை உடனே எறிவதில்லை. பெயரும் தொகுதி இலக்கமும் திகதியும் உள்ள பக்கத்தை வெட்டி, குசினிக் கதவில் ஒட்டியிருக்கிறோம். இனி அந்த வைத்தியர் கேட்டால், எங்களிடம் பதில் இருக்கு.