அசைவா, திசையா? மனச்சுழற்சி ஆய்வு ஒன்றின் மறுவாசிப்பு

உடலியக்கப் பயிற்சி குழந்தைகளின் இடஞ்சார் சிந்தனையை வளர்க்கும் என்பதற்குச் சான்றாக ஆன்ட்ரியா ஃபிரிக்கும் உடனாய்வாளர் மூவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு பலமுறை எடுத்துக்காட்டப்படுகிறது. அந்த ஆய்வு காட்டுவது இக்கருத்தைவிடக் குறுகியது. குறுகியதாக இருப்பதால்தான் அது மதிப்புடையது என்பது என் வாதம்.

அவ்வாய்வில் 5, 8, 11 வயதுக் குழந்தைகளும் பெரியவர்களும் சாய்ந்து தோன்றும் உருவத்தை மனத்துக்குள் திருப்பிப் பார்த்து விடை சொன்னார்கள். அதே வேளையில் ஒரு கைப்பிடியையும் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். சாய்வுக் கோணம் கூடக்கூட எல்லா வயதினருக்கும் விடை சொல்லும் நேரம் கூடியது. உருவத்தை மனத்துக்குள் கூடுதலாகத் திருப்பக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதால், ஐந்து வயதில் மனச்சுழற்சி உண்டா என்று ஐயுறுவோருக்கு இதுவே போதும். கையும் மனமும் ஒரே திசையில் சுழல்வதும் எதிர்த்திசையில் சுழல்வதும் 5, 8 வயதினரின் விடையில் வேறுபாட்டை உண்டாக்கின. மூத்த இரு பிரிவினரிடம் அவ்வேறுபாடு இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரு நிலைகளிலும் கை சுழன்றுகொண்டுதான் இருந்தது. மாறியது திசை மட்டுமே. உடல் அசைந்தாலே மனம் கூர்மையடையும் என்பதற்கு இதைச் சான்றாக்குவோர், ஆய்வாளர்கள் மாறாமல் வைத்திருந்த ஒன்றையே காரணமாக்குகிறார்கள்.

பதினொரு வயதில் கைக்கும் மனத்துக்கும் உள்ள பிணைப்பு அறுந்துவிடுகிறது, ஆகவே அதற்குப் பிந்திய பயிற்சி வீண் என்ற வாசிப்பும் உண்டு. இதையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆண்ட்ரியாஸ், ஆஸ்ட்ரிட் வோல்ஷ்லேகர் 1998இலேயே பெரியவர்களிடம் இப்பிணைப்பைக் கண்டிருந்தனர். கை சுழலும் அச்சும் மனத்தில் உருவம் சுழலும் அச்சும் ஒன்றாயிருக்கையில் எதிர்த்திசைச் சுழற்சி விடையைத் தாமதப்படுத்தியது. அச்சு வேறானபோது அப்படி நிகழவில்லை. வயது ஏற ஏறப் பிணைப்பு அறுந்துபோவதில்லை, சில பணிகளில் மட்டும் வெளிப்படுகிறது என்று கொள்வதே இரு முடிவுகளுக்கும் பொருந்தும்.

ஒரு கணத்தில் நேரும் குறுக்கீடு பயிற்சியின் பயனுக்குச் சான்றாகிவிடாது என்பதை மறுப்பதற்கில்லை. இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது பெட்ரா யான்சன் குழுவினரின் 2011ஆம் ஆண்டு ஆய்வு. மூன்று மாதம் பந்துகளை மாறி மாறி வீசிப் பிடிக்கப் பழகிய பள்ளிக் குழந்தைகள், அதே காலத்தில் இலேசான தசைவலுப் பயிற்சி செய்தவர்களைவிட மனச்சுழற்சிப் பணியில் விரைவு பெற்றனர். இரு குழுவினரும் உடலை அசைத்தவர்களே. பந்து வித்தையில் அச்சுச் சுழற்சி இல்லையே என்று கேட்கலாம். ஆனால் மேலெழும் பந்து எங்கே வந்து விழும் என்பதை முன்கூட்டியே கணித்துக் கை அங்கே போகவேண்டும். தசைவலுப் பயிற்சியில் இந்தக் கணிப்புக்கு வேலையில்லை. மனத்துக்குள் உருவத்தைத் திருப்புவதும் இத்தகைய முன்கணிப்பே என்பது என் கருதுகோள்.

இதைச் சோதிக்க, ஓடியாடிய குழந்தைகளையும் உட்கார்ந்திருந்த குழந்தைகளையும் ஒப்பிடுவதில் பயனில்லை. அசைவின் அளவு இரு குழுவுக்கும் சமமாக இருக்க வேண்டும். பொருள் போய்ச்சேரும் இடத்தைக் கணிக்கும் வேலை ஒரு குழுவுக்கு மட்டும் தரப்பட வேண்டும்.