ஏ வகுப்பில் பிறந்த அணை

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் வாஷிடா என்றொரு ஆறு. 1934 ஏப்ரலில் இரவோடு இரவாகப் பெருகி, ஹாமன் என்ற சிற்றூரில் 17 பேரை அடித்துக்கொண்டு போனது. புழுதிப் புயல்களில் அந்த நாடு திணறிக்கொண்டிருந்த காலம் அது. மறு ஆண்டே மண் பாதுகாப்புத் துறை உருவாயிற்று. ஹியூ ஹேமண்ட் பென்னட் அதன் தலைவர். வெள்ளம் பேராற்றை எட்டும்வரை ஏன் காத்திருக்க வேண்டும், ஓடையிலேயே மறித்துவிடலாமே என்றது அந்தத் துறை. பேராற்றின் குறுக்கே பெரிய அணைகளைக் கட்டிப் பழகிய ராணுவப் பொறியாளர்களுக்கு இது கசந்தது. பெரிய அணையா, சின்ன அணையா என்ற இழுபறி பல ஆண்டுகள் ஓயவில்லை.

1944-ல் வந்த வெள்ளத் தடுப்புச் சட்டம் வாஷிடா உள்ளிட்ட 11 ஆற்றுப்படுகைகளில் இந்த வேலைக்கு அனுமதி தந்தது. போர் முடிந்து, 1948 ஜூலையில், கார்டெல் ஊருக்கு அருகே கிளவுட் க்ரீக் ஓடையில் முதல் அணை தயாரானது.

பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. அடித்தளத்தில் அகழி வெட்டி, அதில் நீர் கசியாத களிமண்ணை நிரப்பி, அதன்மேல் மண்ணை மெல்லிய அடுக்குகளாகக் கொட்டி உருளையால் இறுக்கி எழுப்பிய கரை. நீருக்குள் ஒரு கான்கிரீட் கோபுரம். நீர்மட்டம் அதன் விளிம்பைத் தாண்டினால் உள்ளே விழுந்து, கரைக்கு அடியில் போகும் குழாய் வழியே நிதானமாக வெளியேறும். ஷட்டர் கிடையாது, நள்ளிரவில் ஓடிவந்து திறந்துவிட ஆளும் வேண்டியதில்லை. குழாய் தாங்காத பெருமழை வந்தால், கரையோரம் வெட்டிப் புல் வளர்த்த அகன்ற வாய்க்கால் நம் ஏரிக் கலங்கலின் வேலையைச் செய்யும். அடியில் கொஞ்சம் நீர் கிடக்கும், 50 ஆண்டு வண்டலுக்கும் அங்கேயே இடம் உண்டு. மற்ற இடமெல்லாம் காலியாகக் கிடக்கும். காலியாக இருந்தால்தானே வெள்ளத்தை வாங்கிக்கொள்ள முடியும்!

ஒவ்வோர் அணைக்கும் ஏ, பி, சி என்று வகுப்பு வைத்தார்கள். கரை எவ்வளவு உறுதி என்பதற்கான மதிப்பெண் என்று பலரும் இதை நினைத்துக்கொள்கிறார்கள். இந்த எழுத்து கேட்பதோ வேறு கேள்வி: உடைந்தால் கீழே யார் இருக்கிறார்கள்? வயலும் கிராமச் சாலையும் என்றால் ஏ. நெடுஞ்சாலையும் தனித்தனி வீடுகளும் என்றால் பி. உயிர்ப்பலி நேரும் குடியிருப்பு என்றால் சி, அதாவது உயர் அபாய அணை. ஏ வகுப்புக்குக் கலங்கல் சிறியதாக இருந்தால் போதும், செலவும் குறைவு. கட்டிய காலத்தில் கீழே வயல்தான் இருந்தது. ஆகவே பெரும்பாலானவை ஏ வகுப்பிலேயே பிறந்தன.

இந்தக் கேள்வியை நாடு முழுவதும் கேட்க வைத்தவை சாவுகள்தான். 1972 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ க்ரீக்கில் நிலக்கரிக் கழிவு அணை உடைந்து 125 பேர் இறந்தனர். ஆகஸ்டில் அணை ஆய்வுச் சட்டம் வந்தது. கணக்கெடுப்பு நடந்தது, ஆய்வுக்குத்தான் பணம் வரவில்லை. 1977 நவம்பர் 6 பின்னிரவில் ஜார்ஜியாவில் ஒரு பைபிள் கல்லூரிக்கு மேலே இருந்த கெல்லி பார்ன்ஸ் என்ற சிறிய மண் அணை உடைந்து 39 பேர் இறந்தனர். அது வெள்ளத் தடுப்புக்குக் கட்டியதல்ல. ஆனால் மண் கரை எல்லாம் மண் கரைதான். அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஜார்ஜியாக்காரர். உயர் அபாய அணைகளை ஆய்வு செய்ய உடனே உத்தரவிட்டார்.

கிளவுட் க்ரீக்கின் வாரிசுகளாக இன்று 47 மாநிலங்களில் 11,800-க்கும் மேற்பட்ட அணைகள் இருக்கின்றன. அவை வேலையை ஒழுங்காகச் செய்ததுதான் வினையாயிற்று. வெள்ளம் வராத பள்ளத்தாக்கில் மனை போட்டார்கள், வீடு கட்டினார்கள். கரையில் ஒரு கூடை மண்கூடக் குறையாமலே ஏ வகுப்பு அணை உயர் அபாய அணையாகிவிட்டது. இனி கரையை உயர்த்த வேண்டும், அல்லது கலங்கலை அகலப்படுத்த வேண்டும். 2000-ல் வந்த சட்டப்படி அந்தச் செலவில் 65 சதவீதத்தை மத்திய அரசு தரும். மிச்சத்துக்கு அணையைப் பராமரிக்கும் உள்ளூர் அமைப்புதான் அலைய வேண்டும். பல இடங்களில் அது ஒரு சிறிய மண் பாதுகாப்பு வாரியம். கீழே வீடு கட்ட அனுமதி கேட்டு ஒருவரும் அதனிடம் வந்ததில்லை, வந்தாலும் மறுக்க அதற்கு அதிகாரம் கிடையாது.