நேரியல் சமனிலி

நேரியல் சமனிலி என்பது, இரண்டு கோவைகளுள் எது பெரியது, எது சிறியது என்பதைக் கூறுவதும், மாறியின் அடுக்கு ஒன்றைத் தாண்டாததுமான இயற்கணிதக் கூற்று ஆகும். ஒரு மாறியில் அமைந்த நேரியல் சமனிலியின் பொது வடிவம் அ × க + ஆ < 0 என்பதாகும். இங்கு அ, ஆ ஆகியவை மெய்யெண்கள், அ சுழியன்று, க மாறி. < என்னும் குறிக்குப் பதிலாக >, ≤, ≥ ஆகியவையும் வரலாம்.

ஒரு மாறியில் அமைந்த நேரியல் சமன்பாட்டுக்கு ஒரே ஒரு தீர்வு உண்டு. சமனிலிக்கோ பொதுவாக எண்ணற்ற தீர்வுகள் உண்டு. அத்தீர்வுகள் அனைத்தையும் கொண்ட தொகுப்பு தீர்வுக் கணம் எனப்படும். சமனிலியைத் தீர்த்தல் என்பது இக்கணத்தைக் கண்டறிவதே.

பெயரும் குறியீடுகளும்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அசமன்பாடு என்ற சொல்லும் இலங்கைப் பாடநூல்களில் சமனிலி என்ற சொல்லும் வழங்குகின்றன. இரண்டும் ஒன்றையே குறிக்கும்.

< , > ஆகிய குறிகள், ஆங்கிலேயக் கணிதவியலாளர் தாமசு ஆரியட்டு இறந்து பத்தாண்டுகளுக்குப் பின் 1631 இல் வெளியான அவரது நூலில் முதன்முதலில் அச்சேறின. இவை கண்டிப்பான சமனிலிகளைக் குறிக்கும்; இருபுறமும் சமமாக இருத்தல் இவற்றில் ஏற்கப்படாது. ≤ , ≥ ஆகியவற்றில் சமமாக இருத்தலும் ஏற்கப்படும்.

அடிப்படை விதிகள்

1. இருபுறமும் ஒரே எண்ணைக் கூட்டினாலோ கழித்தாலோ சமனிலியின் திசை மாறாது.
2. இருபுறமும் ஒரே மிகை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ திசை மாறாது.
3. இருபுறமும் ஒரே குறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ திசை தலைகீழாகும்.

மூன்றாம் விதியின் காரணத்தை எண்கோட்டில் காணலாம். 2 < 5 என்பது உண்மை. இருபுறமும் −1 ஆல் பெருக்கினால் −2, −5 என்னும் எண்கள் கிடைக்கின்றன. பெருக்கல் எண்கோட்டைச் சுழியைச் சுற்றித் திருப்பிவிடுவதால், வலப்புறம் இருந்த 5 இப்போது இடப்புறம் செல்கிறது. எனவே −2 > −5.

மாறியைக் கொண்ட கோவையால் பெருக்குவதோ வகுப்பதோ கூடாது. அதன் மதிப்பு மிகையா குறையா என்பது தெரியாத நிலையில் திசை மாறுமா என்பதும் தெரியாது.

தீர்க்கும் முறை

எடுத்துக்காட்டு 1: 3க + 4 ≤ 19.
இருபுறமும் 4 ஐக் கழிக்க, 3க ≤ 15. இருபுறமும் 3 ஆல் வகுக்க, க ≤ 5. எண்கோட்டில் 5 இன் மேல் நிரப்பிய வட்டமிட்டு, இடப்புறம் முழுவதையும் கோடிட்டுக் காட்டுவர்.

எடுத்துக்காட்டு 2: 7 − 2க < 15.
இருபுறமும் 7 ஐக் கழிக்க, −2க < 8. இருபுறமும் −2 ஆல் வகுக்கத் திசை மாறி, க > −4. எண்கோட்டில் −4 இன் மேல் வெற்று வட்டமிட்டு வலப்புறம் கோடிடுவர்.

குறை எண்ணால் வகுப்பதைத் தவிர்த்தும் இதைத் தீர்க்கலாம். இருபுறமும் 2க கூட்டினால் 7 < 15 + 2க. பின்பு 15 ஐக் கழித்தால் −8 < 2க. ஆகவே −4 < க. இரு வழியிலும் விடை ஒன்றே.

விடையைச் சரிபார்க்கத் தீர்வுக் கணத்தின் உள்ளே ஓர் எண்ணையும் வெளியே ஓர் எண்ணையும் பதிலிட வேண்டும். க = 0 எனில் 7 < 15, உண்மை. க = −5 எனில் 17 < 15, பொய்.

பயன்பாடு: திண்டுக்கல் மக்களவைத் தொகுதி, 2024

இந்தியாவில் தேர்தலில் நிற்கும் வேட்பாளர் ஒரு கட்டுத்தொகை செலுத்த வேண்டும். பேச்சுவழக்கில் இது டெபாசிட் எனப்படுகிறது. மக்களவைத் தேர்தலுக்கு 2010 முதல் இது 25,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பட்டியல் பழங்குடியினருக்கும் இதில் பாதி. 1951 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 158 ஆம் பிரிவின்படி, தோற்ற வேட்பாளர் பெற்ற வாக்குகள், எல்லா வேட்பாளர்களும் பெற்ற செல்லுபடியான மொத்த வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் கட்டுத்தொகை பறிபோகும். வேட்பாளர் பெற்ற வாக்குகள் க, மொத்தம் ம எனில், அதைக் காப்பதற்கான நிபந்தனை ஒரு நேரியல் சமனிலியாகும்:

க > ம ÷ 6, அதாவது 6க > ம

இது கண்டிப்பான சமனிலி. சரியாக ஆறில் ஒரு பங்கு பெற்றவரும் கட்டுத்தொகையை இழப்பார். நோட்டா வாக்குகள் ம இல் சேர்வதில்லை.

2024 மக்களவைத் தேர்தலில் திண்டுக்கல் தொகுதியில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சி (மார்க்சிஸ்ட்) வேட்பாளர் ஆர். சச்சிதானந்தம் 6,70,149 வாக்குகள் பெற்று வென்றார். அவர் 4,43,821 வாக்குகள் வேறுபாட்டில் வென்றதால், இரண்டாம் இடத்துக்குக் கிடைத்தவை 2,26,328. மூன்றாம் இடத்தில் வந்தவர் கட்டுத்தொகையைக் காக்கக் குறைந்தது எத்தனை வாக்குகள் பெற்றிருக்க வேண்டும்?

அவர் பெற்றவை க, ஏனைய வேட்பாளர்கள் எல்லாரும் சேர்ந்து பெற்றவை ஏ என்க. முதல் இருவரின் கூட்டுத்தொகை 8,96,477. ஆகவே,

6க > 8,96,477 + க + ஏ
5க > 8,96,477 + ஏ

ஏ குறை எண்ணாக இருக்க இயலாது. எனவே 5க > 8,96,477. க > 1,79,295.4. வாக்குகள் முழு எண்கள் ஆதலால் க ≥ 1,79,296.

மொத்த வாக்குகளைப் பாராமலேயே இம்முடிவு கிடைத்துள்ளது என்பது குறிப்பிடத்தக்கது. முதல் இருவரைத் தவிர வேறெவரும் இவ்வெல்லையை எட்டவில்லை. ஆகவே அவர்கள் அனைவரும் கட்டுத்தொகையை இழந்தனர்.

இந்நிபந்தனை தேவையானது மட்டுமே, போதுமானதன்று. ஏ பெரிதாகப் பெரிதாக எல்லை உயரும் என்பதால், 1,79,296 பெற்றவரும் தோற்றிருக்கலாம். இரண்டாம் இடம் பெற்றவர் தப்பினார் என்று காட்ட, ம இன் மேல் எல்லை வேண்டும். தொகுதியில் பதிவான வாக்குகள் 12 லட்சத்துக்கும் குறைவு. ஆகவே ம ÷ 6 < 2,00,000 < 2,26,328. அவரது கட்டுத்தொகை தப்பியது.

சிறப்பு நிலைகள்

சுருக்கும்போது மாறி மறைந்துவிடுவதும் உண்டு. 2க + 3 > 2க + 1 என்பது 3 > 1 எனச் சுருங்கும். இது எப்போதும் உண்மை ஆதலால் எல்லா மெய்யெண்களும் தீர்வுகளே. 2க + 1 > 2க + 3 என்பது 1 > 3 எனச் சுருங்கும். இதற்குத் தீர்வே இல்லை, தீர்வுக் கணம் வெற்றுக் கணம்.

மேல்நிலை வளர்ச்சி

பல மாறிகளில் அமைந்த நேரியல் சமனிலிகளின் தொகுதிகளைப் பிரான்சு நாட்டு ஜோசப் ஃபூரியே 1820களில் ஆராய்ந்தார். இத்தகைய கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு ஒரு நேரியல் சார்பின் பெருமத்தையோ சிறுமத்தையோ காண்பது நேரியல் திட்டமிடல் ஆகும். இதற்கு ஜார்ஜ் டான்சிக் 1947 இல் சிம்ப்ளெக்சு முறையை உருவாக்கினார். குவாலியரில் பிறந்த நரேந்திர கர்மார்க்கர் 1984 இல் உட்புள்ளி முறை ஒன்றை வெளியிட்டார்.

இவற்றையும் பார்க்க

நேரியல் சமன்பாடு
எண்கோடு
நேரியல் திட்டமிடல்
திண்டுக்கல் மக்களவைத் தொகுதி