தீவுப்பகுதியின் மேடும் நீரும்

பள்ளிக்கூடச் சுவரிலே தொங்கும் இலங்கைத் தேசப்படத்தைப் பார்த்து வளராதவர் நம்மிடையே இலர். நடுவே கபில நிறம், அதைச் சூழ்ந்து மஞ்சள், கரையோரமெங்கும் பச்சை. கபிலத்தின் உச்சியிலே 2,524 மீற்றர் உயரமுடைய பீதுருதாலகாலை. அதன் அடிவாரத்திலே, கடல்மட்டத்திற்கு 1,868 மீற்றர் மேலே, நுவரெலியா நகர். ஆசிரியரின் பிரம்பு அங்கேதான் நெடுநேரம் நிற்கும். படத்தின் மேல் விளிம்பில், யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு மேற்கே சிதறிக் கிடக்கும் பச்சைப் பொட்டுக்களை அப்பிரம்பு தொட்டதாக நமக்கு நினைவில்லை. மலையில்லை, ஆறில்லை, அருவியில்லை. அங்கே சொல்வதற்கு என்ன உண்டு?

சொல்வதற்கு நிரம்ப உண்டு என்பதே நமது கருத்து. மலைநாட்டின் வரலாறு ஆயிரமாயிரம் அடிகளால் அமைந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு, வேலணை, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய தீவுகளின் வரலாறோ ஓரடி ஈரடி உயர வேறுபாட்டினால் அமைந்தது. கடலுக்கு மேலே சில மீற்றர் மட்டுமே தலைதூக்கி நிற்கும் நிலத்தில், ஒரு முழ உயரம் குடிநீருக்கும் உவர்நீருக்கும் இடையிலுள்ள எல்லையாகும்.

தேசப்படம் வரைந்தோர் கவனியாத இவ்வேறுபாட்டை ஊர்ப்பெயர் வைத்தோர் கவனித்திருக்கின்றனர். வேலணைத் தீவிலே அல்லைப்பிட்டி என்றோர் ஊர். அதன் அயலிலே மண்கும்பான். நெடுந்தீவிலே சாராப்பிட்டி. பிட்டி என்பது மேட்டு நிலம். மண்கும்பான் என்ற பெயரிலோ குவிந்த மணல் நம் கண்முன் நிற்கின்றது. வெளியூரான் ஒருவன் இவ்விடங்களில் நின்று சுற்றிப் பார்த்தால் மேடு எங்கே என்று கேட்பான். அவன் கண்ணுக்குத் தெரியாத மேடு அவ்வூரவன் நாவிற்குத் தெரியும். சாராப்பிட்டிக் கிணறுகளின் நன்னீர் நெடுந்தீவு மக்களுக்குப் பன்னெடுங்காலம் உயிரளித்து வந்துள்ளது. மண்கும்பான், சாட்டி மணற்பகுதியின் நீர் அயற்றீவுகளுக்கும் ஏற்றிச் செல்லப்படுகின்றது. மேடும் இனிய நீரும் ஓரிடத்தில் சேர்ந்திருப்பது தற்செயலன்று.

அதன் காரணத்தைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். குடாநாடும் தீவுகளும் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்தவை. கடலடியிலே படிந்து பின்னர் வெளிப்பட்ட பாறை அது. துளையும் வெடிப்பும் நிறைந்த அப்பாறையிலே மழைநீர் தங்கி ஓடுவதில்லை, உள்ளிறங்கிவிடுகின்றது. கீழேயும் பக்கங்களிலும் கடல்நீர். நன்னீர் கடல்நீரைவிட எடை குறைந்ததாதலால் அதன்மேல் மிதக்கின்றது. தீவின் நடுவிலே தடித்தும் கரையை நோக்கி மெலிந்தும், ஒரு கண்ணாடி வில்லையின் வடிவில் அது நிலத்தடியில் நிற்கின்றது. நன்னீரின் மேல்மட்டம் கடல்மட்டத்தைவிட ஓரடி உயர்ந்திருக்குமாயின், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்திற்கு நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. இக்கணக்கை மறுபக்கமாகப் படித்தால்தான் அதன் கொடுமை விளங்கும். மேலே ஓரடி நீரை இழந்தால், கீழிருந்து உவர்நீர் நாற்பதடி ஏறிவர வழி திறக்கின்றது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களோ இக்கணக்கைக்கூட மதிப்பதில்லை. அவற்றின் வழியே உவர் இன்னும் விரைந்து வரலாம். நிலம் சிறிது உயர்ந்தும் மணல் போர்த்தும் இருக்குமிடத்தில் மழைநீர் நன்கு தேங்கும். ஆதலால் பிட்டியிலே நல்ல கிணறு.

இவ்விதியை ஏட்டில் எழுதியவர் இருவர். ஒருவர், 1880களின் இறுதியிலே அம்ஸ்ரர்டாம் நகரருகே கிணறு துளைப்பது பற்றி ஆராய்ந்த ஒல்லாந்தப் படைப் பொறியியலாளர் படொன் கெய்பென். மற்றவர், வடகடலின் ஜேர்மானியத் தீவொன்றில் நீரைத் தேடி 1901ஆம் ஆண்டு தம் முடிபை வெளியிட்ட ஹேர்ஸ்பேர்க். அவ்விருவருக்கும் பன்னூறாண்டு முன்னரே சாராப்பிட்டியில் கிணறு வெட்டியவன் விதியின் பெயரை அறியான், விதியை அறிவான்.

ஒல்லாந்தரைப் பற்றிய பேச்சு வந்தமையால் இன்னொன்றையும் இங்கே கூறிவிடலாம். 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய அவர்கள், இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று, நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடல்பர்க், அனலைதீவு றொட்டர்டாம், காரைதீவு அம்ஸ்ரர்டாம், நெடுந்தீவு டெல்வ்ற். கடைசிப் பெயர் மட்டும் ஆங்கில ஏடுகளில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. இது வெறும் தாயக நினைவுதானா? கடலோடு மட்டமாகக் கிடக்கும் நிலத்தைக் கண்டு, கடல்மட்டத்திலும் அதற்குக் கீழேயும் வாழப் பழகிய ஒரு மக்களுக்குத் தம் ஊர் நினைவு வந்திருந்தால் வியப்பில்லை என்றே நாம் எண்ணுகின்றோம். 1684ஆம் ஆண்டளவில் அம்ஸ்ரர்டாம் நகரின் மதகுகளிலே எட்டுக் கற்கள் பதிக்கப்பட்டன. கணித அறிஞரும் நகரத் தலைவருமான ஹுட்டே பதிப்பித்த அக்கற்கள் நீர்மட்டத்திற்குமேல் கடலணையின் உயரம் எவ்வளவு என்பதைக் குறித்தன. பிற்காலத்தில் ஐரோப்பாவின் பல நாடுகள் நிலத்தின் உயரத்தை அளந்தது அந்த அம்ஸ்ரர்டாம் மட்டத்தை அடியாகக் கொண்டேயாம். அங்கே தம் மக்களைக் காக்க விரலளவு உயரத்தையும் கல்லில் வெட்டியவர்கள், இங்கே அம்ஸ்ரர்டாம் என்று பெயரிட்ட தீவில் யானை ஏற்றுமதியையும் வரியையுமே கணக்கெடுத்தனர். கல்லில் எழுதும் கருணை கடல் கடந்து வரவில்லை.

எனினும் நீரின் அருமை அவர்களுக்குத் தெரியாததன்று. ஊர்காவற்றுறைக்கும் காரைதீவுக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் கோட்டையை 1658இல் அவர்கள் முற்றுகையிட்டபோது, உள்ளிருந்த போர்த்துக்கேயரைப் பணியவைத்ததில் பீரங்கிக்கு உள்ள பங்கு நன்னீர் இல்லாமைக்கும் உண்டு.

இனிப் பின்னோக்கிச் செல்வோம். இப்பகுதியில் கடலின் ஆழமும் நிலத்தின் உயரத்தைப் போலவே சிறிது. ஆழமற்ற கடலிலே கலங்கள் தரைதட்டும், உடையும். நயினாதீவிலே கிடைத்த முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இதற்குச் சான்று. பன்னிரண்டாம் நூற்றாண்டிற்குரிய அக்கல்வெட்டைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலே வந்து இறங்கவேண்டும் என்பதும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்பதும் அதன் செய்தி. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரசபண்டாரத்திற்கு, எஞ்சியது உடையவனுக்கு. வாணிகப் பொருள் ஏற்றிவந்த கலமாயின் சரிபாதி. கலம் உடைவது அரிதாயிருந்தால் அதற்குச் சட்டம் எதற்கு? ஊராத்துறை என்பதே இன்றைய ஊர்காவற்றுறை. அதற்குத் தொலைவில்லாத அல்லைப்பிட்டியிலே 1977இல் வெளிப்பட்ட சீன நாட்டுச் சொங் காலத்து மட்பாண்ட உடைவுகள், அக்கடல்வழியின் நீளத்தை நமக்கு உணர்த்துகின்றன.

மணிமேகலைக் காப்பியத்து மணிபல்லவம் நயினாதீவே என்று கொள்வோர் உளர். அவ்வழக்கிலே நாம் இறங்கப் போவதில்லை. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் தகும். அத்தீவிலே காப்பியப் புலவர் கண்ட அற்புதம் பொன்மலையன்று, மாணிக்கச் சுரங்கமன்று. கோமுகி என்னும் நீர்நிலை. பசி தீர்க்கும் பாத்திரம் அந்நீரிலிருந்தே எழுகின்றது. நாற்புறமும் உவர்நீர் சூழ்ந்த தீவிலே நன்னீர்ப் பொய்கை ஒன்றைக் கண்ட கடலோடியின் வியப்பு அக்கதைக்குள் எங்கோ இருக்கவேண்டும்.

ஆங்கிலேயர் வந்தனர். 1800ஆம் ஆண்டிலே நிலவளவைத் திணைக்களம் தோன்றிற்று. அவர்கள் எதை ஆர்வத்தோடு அளந்தனர் என்பதற்குக் கோப்பியும் தேயிலையும் பதில் சொல்லும். எந்த உயரத்தில் எந்தப் பயிர் வாழும், எந்தச் சரிவிலே வீதி ஏறும் என்பன இலாபத்தோடு தொடர்புடைய கேள்விகள். அம்மலைகளிலே கூலிக்காக ஏற்றப்பட்ட தமிழர் எத்தனை அடி ஏறினர், எத்தனைபேர் வழியில் வீழ்ந்தனர் என்பதை அளக்க அத்துணை ஆர்வம் இருக்கவில்லை. நெடுந்தீவோ அவர்களுக்கு ஒரு குதிரைக் கொட்டில். ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அச்சமவெளியிலே வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இன்றும் கட்டாக்காலியாகத் திரிகின்றன. கடும் வரட்சியிலே நீர்நிலைகள் வற்ற, அவை வீழ்ந்து மடிந்த செய்திகளையும் நாம் அண்மை ஆண்டுகளில் படித்திருக்கின்றோம். பவளக்கல்லை அடுக்கி எழுப்பிய வேலிகளும் அங்குண்டு; மரமும் மண்ணும் அரிதான இடத்தில் கடல் தந்த கல்லே வேலியாயிற்று.

இதுவரை நிலத்தின் உயரத்தைப் பேசினோம். மனிதர் மனிதருக்கு விதித்த உயரத்தையும் பேசாமல் விடுவது நேர்மையன்று. மேட்டு நிலமும் நல்ல கிணறும் யார் கையில் இருந்தன? யாழ்ப்பாணச் சமூகத்தின் சாதி அடுக்கிற்குத் தீவுகள் விலக்கல்ல. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, அடிமைகளைச் சொத்தாகவே கருதிற்று. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது, கிணற்றுக்கட்டு ஒழியவில்லை. ஒடுக்கப்பட்டவர் குடத்தோடு ஒதுங்கி நிற்கவேண்டும். உயர்ந்தோர் எனப்பட்டவர் மனமிரங்கி அள்ளி ஊற்றவேண்டும். அவர் வரும்வரை காத்திருக்கும் பொழுதும் ஒரு வரியே. தமக்கென வெட்டிக்கொள்ளத் தாழ்ந்த உவர் நிலந்தான் கிடைத்ததென்றால், அங்கே எத்தனை முழம் வெட்டினால்தான் என்ன? முன்னர் சொன்ன நாற்பதடிக் கணக்கு சாதி பார்ப்பதில்லை. ஆனால் நிலத்தைப் பங்கிட்டவர்கள் பார்த்தார்கள். சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் வந்தது. அச்சட்டம் ஏட்டிலே உறங்க, 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்படவேண்டியிருந்தது. ஒடுக்கப்பட்டோர் வாழ்வை எழுதிய கே. டானியல் தம் நாவலொன்றிற்குத் 'தண்ணீர்' என்று பெயரிட்டதன் பொருள் தீவு மக்களுக்கு உரை வேண்டாமலே விளங்கும்.

துலாவைப் பற்றியும் ஒரு சொல். துலாமிதித்து நீர் இறைத்த காலத்தைப் பொற்காலமென்று பாடுவோர் நம்மிடையே இருக்கின்றனர். துலாவின்மேல் விடியற்காலையிலே முன்னும் பின்னும் நடந்த கால்கள் யாருடையவை என்று அவர்கள் கேட்பதில்லை. நீரிறைக்கும் இயந்திரம் அக்கால்களுக்கு ஓய்வளித்தது. அதனை நாம் வரவேற்கின்றோம். ஆயினும் துலா ஊறியதை எடுத்தது. இயந்திரமோ ஊறுமுன் எடுக்கின்றது. நன்னீர் வில்லையின் நடுவிலே பள்ளம் விழ, அதன் கீழிருந்து உவர் கூம்பாக எழுகின்றது. ஒரு கிணற்றின் பேராசை அயற்கிணறுகளின் நாவிலே உப்பாக முடிகின்றது. குற்றம் இயந்திரத்தினது அன்று. எவன் எவ்வளவு இறைக்கலாம் என்பதை ஊர் கூடி முடிவு செய்யாமையே குற்றம்.

இக்குறைகளினூடே தீவு மக்கள் வெளியேறினர். முதலில் தென்னிலங்கை நகர்களிலே கடை வைத்தனர்; பிறகு கடல் கடந்தனர். 1990, 1991ஆம் ஆண்டுகளில் போர் அவர்களைத் திரள்திரளாக எழுப்பிற்று. இராணுவ நடவடிக்கைகளுக்கு முன்னே ஊர்காவற்றுறையும் வேலணையும் புங்குடுதீவும் வெறிச்சோடின. மீண்டோர் பலர் கண்டது தூர்ந்த கிணறுகளையும் புதர் மூடிய வளவுகளையும். அவ்விடைவெளியிலும் அதன் பின்னரும் மணல் ஏற்றும் வண்டிகள் மட்டும் தம் வேலையை மறக்கவில்லை. மண்கும்பான் பக்கத்து மணல்மேடு ஒருவன் வீட்டுச் சுவராகும்போது, இன்னொருவன் குடத்து நீர் குறைகின்றது. மணற்கொள்ளை என்று அதனை அழைப்பதோடு நிறுத்துவது போதாது, அது நீர்க்கொள்ளை.

இதனிடையே கடலும் வாளாவிருக்கவில்லை. 1901க்கும் 2018க்கும் இடையே உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது என்று காலநிலை மாற்றத்திற்கான அரசுகளிடைக் குழு 2021ஆம் ஆண்டறிக்கையில் கூறிற்று. கரிப்புகை மிகுந்தே செல்லுமாயின், இந்நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ ஒரு மீற்றர்வரை உயரக்கூடும் என்பதும் அவர்கள் கணிப்பு. நுவரெலியாவுக்கு ஒரு மீற்றர் ஒன்றுமில்லை. நான்கு சதுர கிலோமீற்றரைச் சற்றே கடந்த நயினாதீவுக்கு, நாகபூசணி அம்மன் கோவில் வாயிலிலும் நாகவிகாரை வாயிலிலும் ஒரே கடல் அலைக்கும் அத்தீவுக்கு, அது வேறு கணக்கு. நிலம் மூழ்குவதற்கு வெகுகாலம் முன்னரே கிணறு உவராகும். அப்புகையை எழுப்பியதில் துலாமிதித்தவனின் பேரனுக்கு என்ன பங்கு என்று கேட்பதும் நமது கடமை.

பெரிய நாடுகள் இத்தீவுகளை மறந்துவிட்டன என்று சொல்ல முடியாது. 2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றாலும் வெயிலாலும் மின்சாரம் தரும் திட்டம் சீன நிறுவனமொன்றிற்கு வழங்கப்பட்டது. இந்தியா முகம் சுளித்தது. ஆண்டிறுதியில் சீனத் தூதரகம் பாதுகாப்புக் கவலைகளைச் சுட்டி அத்திட்டம் இடைநிறுத்தப்படுவதாக அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையோடு அதே திட்டத்திற்குப் புதிய உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. தேசப்படத்தின் விளிம்பிலே கிடந்த பச்சைப் பொட்டுக்கள் திடீரென்று எல்லோருக்கும் தெரிந்தன, பிறர் எல்லைக்கு எவ்வளவு அண்மை என்ற ஒரே அளவில். குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறி நெடுந்தீவில் இறங்கும் ஒருவர், அந்த உடன்படிக்கைகளைக் கையிலே கொண்டு செல்லத் தேவையில்லை. கயிறும் வாளியும் போதும். ஒவ்வொரு கிணற்றிலும் நீர் எத்தனை அடியில் நிற்கின்றது, மாரிக்குப் பின் என்ன சுவை, கோடைக்குப் பின் என்ன சுவை, யாருக்கு அங்கே அள்ள உரிமை என்று கேட்டு எழுதட்டும். நம் பள்ளிக்கூடங்களின் சுவருக்கு அந்தப் படம் இன்னும் வரவில்லை.