தாத்தா, டோன்ட் ஸ்லர்ப்!

போன மாசம் ஊர்லேர்ந்து அப்பா வந்திருந்தார். காலையில காபி கொடுத்தோம். வழக்கம் போல கப்பை உதட்டுல வெச்சு 'சர்ர்ர்'னு ஒரு இழுப்பு. பக்கத்துல உக்காந்து ஹோம்வொர்க் பண்ணிட்டிருந்த என் பொண்ணு (மூணாங்கிளாஸ்) நிமிர்ந்து பார்த்து, "தாத்தா, டோன்ட் ஸ்லர்ப்!" அப்படின்னா.

அப்பா சிரிச்சுக்கிட்டே என்கிட்ட கேட்டார். "அது என்ன தம்பி, ஸ்லர்ப்பு?"

"சத்தம் போட்டுக் குடிக்கிறதுப்பா" என்றேன். அவ்வளவுதான். மறுநாள் காபியை ஆற வெச்சு, சத்தமே இல்லாம குடிச்சார். பாதி கப் மிச்சம். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அந்தச் சொல்லோட பூர்வீகத்தைத் தோண்டலாம்னு உக்காந்தேன். (வேலை வெட்டி இல்லையான்னு கேக்காதீங்க.)

ஸ்லர்ப் இங்கிலீஷ்காரனோட சொந்தச் சொத்து இல்லை. டச்சு மொழியில 'ஸ்லுர்ப்பன்' என்று ஒரு வினைச்சொல். அதிலிருந்து 1640களில் ஆங்கிலத்துக்குள் வந்தது. ஜெர்மன்காரர்களிடம் இதற்குச் சொந்தக்காரச் சொல்லாக 'ஷ்லூர்ஃபன்' இருக்கிறது. எல்லாமே காதில் விழுந்த சத்தத்தை வெச்சு உண்டான சொற்கள். ஐரோப்பாவுக்கு 1610 வாக்கில் தேயிலையை முதலில் கொண்டு போனதும் டச்சுக்காரர்கள்தான். சூடாக் குடிக்கிற பானத்தையும் கொண்டு போனான், அதைக் குடிக்கிற சத்தத்துக்கு பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பேரும் கொடுத்தான் :-)

இதில் நம்ம மாவட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. டச்சுக்காரர்கள் 1600களின் தொடக்கத்திலேயே செஞ்சி நாயக்கரிடம் அனுமதி வாங்கி கடலூர் தேவனாம்பட்டினத்தில் வியாபாரம் செய்தவர்கள். பரங்கிப்பேட்டையிலும் இருந்தார்கள். தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர் வாங்கி செயின்ட் டேவிட் கோட்டை ஆக்கினது 1690ல். ஆக, டச்சுக்காரன் நம்ம கரையில இருந்த காலமும், ஆங்கிலத்துக்கு ஸ்லர்ப் கிடைச்ச காலமும் ஏறக்குறைய ஒண்ணுதான். அவன் நமக்கு விட்டுட்டுப் போனது என்ன? 'துட்டு', 'கக்கூஸ்'. இரண்டுமே டச்சு வழி வந்தவை. ஸ்லர்ப்பை மட்டும் நாம வாங்கிக்கலை. தேவைப்படலை போலிருக்கு.

ஏன் தேவைப்படலைன்னு யோசிச்சப்போ அப்பாவோட தொழில்தான் ஞாபகத்துக்கு வந்தது.

எங்க ஊர் வேப்பூர். அப்பா தினமும் பஸ் பிடிச்சு விருத்தாசலம் போய் செராமிக்ல வேலை பார்த்தவர். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கிற மண்ணைத் தோண்டும்போது வெள்ளைக் களிமண் கிடைக்கும். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலுக்கு அதுதான் பெரிய துணை. களிமண்ணைக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். கொஞ்ச நேரத்தில் அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கும், ஓரத்தில் கப் கனத்துக்கு மண் படியும், மிச்சக் கூழைக் கவிழ்த்து விடுவார்கள். சின்ன வயசுல அப்பா கூடப் போனப்ப "அச்சு உறிஞ்சுற வரைக்கும் தொடாதே" என்பார்.

அச்சு சத்தம் போட்டா உறிஞ்சுது? இல்லையே. தமிழில் உறிஞ்சுவது என்பது வெறும் வேலை. வேர் உறிஞ்சும், அட்டை உறிஞ்சும், அச்சும் உறிஞ்சும். சத்தம் வேணும்னா தனியா சேர்த்துக்கணும்: சர்ருனு உறிஞ்சினான், மடக்மடக்னு குடிச்சான். ஆங்கிலத்தில் வேலை, சத்தம், கூடவே ஒரு முகச்சுளிப்பு, மூணும் ஒரே சொல்லுக்குள்ள இருக்கு. நம்ம 'சப்புக்கொட்டி'யும் சத்தம்தான். ஆனா சப்புக்கொட்டிச் சாப்பிட்டான்னு சொன்னா சமைச்சவங்களுக்குப் பெருமை. ("சவக்சவக்னு மெல்லாதடா"ன்னு அம்மாவிடம் வாங்கின திட்டும் உண்டு, மறைக்க விரும்பலை.)

அப்படின்னா நமக்குக் கூச்சமே கிடையாதா? உண்டு. அது வேற இடத்துல இருக்கு. அப்பா பீங்கான் கப்பில் வாய் வெச்சுக் குடிச்சதுக்கு எங்க ஆயா திட்டியிருக்கு. சத்தத்துக்காக இல்லை, "எச்சி பண்றியே"ன்னு. தண்ணின்னா அண்ணாந்து குடிக்கணும், உதடு படக்கூடாது. ஆசாரக்கோவையில் சாப்பிடும்போது கிழக்கே பார்த்து உட்கார், பேசாதே, சிந்தாதே என்றெல்லாம் விதி உண்டு. எச்சிலுக்கு என்று தனியாகவே பாட்டுகள் இருக்கின்றன. வெள்ளைக்காரன் காதால் கூச்சப்பட்டான். நாம உதட்டால் கூச்சப்பட்டோம்.

இதைப் பெருமையா எழுதிட்டு நிறுத்திக்க முடியாது. எச்சில் என்பது வெறும் சுத்தம் சம்பந்தப்பட்டதாக இருந்திருந்தால் பரவாயில்லை. யாரோட எச்சில் என்கிற கேள்வியும் அதோடு வந்தது. டீக்கடைகளில் தலித்துகளுக்குத் தனி டம்ளர், சில இடங்களில் கொட்டாங்கச்சி. இரட்டைக் குவளை என்று நாம சாதாரணமாகப் பேர் வெச்ச கொடுமை. 1950ல் அரசியல் சட்டத்தின் 17வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ல் ஒரு சட்டம், 1989ல் இன்னும் கடுமையான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அதற்குப் பிறகும் தனிக் குவளைச் செய்திகள் வந்துகொண்டுதான் இருந்தன. ஸ்லர்ப் என்று சொல்லி ஒருத்தரைக் கூச வைக்கலாம். குவளையைத் தனியா வெச்சு ஒரு தெருவையே கூச வெச்சோம். எது மோசம்னு சொல்லத் தேவையில்லை.

இந்த 'சர்ர்'க்கு மரியாதை கிடைக்கிற இடமும் இருக்கு. குன்னூரில் 1963லிருந்து தேயிலை ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு முன்னால் தேநீரை ருசி பார்க்கிறவர்கள் கரண்டியில் எடுத்து, பலமா சத்தத்தோட உறிஞ்சித் துப்புவார்கள். காற்றோடு சேர்ந்து நாக்கு முழுக்கத் தெளித்து, வாசனை மூக்குக்கு ஏறினால்தான் ருசி பிடிபடும். ருசி பார்க்கத் தேநீர் எப்படிப் போடணும்னு 1980ல் சர்வதேசத் தர நிர்ணயமே வந்தது: 100 மில்லிக்கு 2 கிராம் தூள், 6 நிமிஷம், பாத்திரம் வெள்ளைப் பீங்கான். அப்பா செஞ்ச ஜாதிச் சாமான்! ஜப்பானிலும் நூடுல்ஸைச் சத்தத்தோடு உறிஞ்சினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். துட்டு, கக்கூஸுக்கு நல்லா சிரிச்சார். அப்புறம் கையிலிருந்த கப்பை நகத்தால் சுண்டிக் காட்டினார். கணீர்னுச்சு. "கப்பு நல்லா வெந்திருக்கா, விரிசல் இருக்கான்னு சத்தத்த வெச்சுதான் தம்பி பாப்போம். விரிசல்னா டொக்குனு கேக்கும்" என்றார்.

பொண்ணை மட்டும் தனியா கூப்பிட்டு ஒண்ணு சொன்னேன். ஸ்கூல்ல நீ ஸ்லர்ப் பண்ணாதே, சரி. தாத்தாகிட்ட அந்தச் சொல்லைச் சொல்லாதே. "அப்ப என்னப்பா சொல்றது?" என்றாள். "ஒண்ணும் சொல்ல வேண்டாம். காபி நல்லாருக்கான்னு கேளு."

மறுநாள் கேட்டாள். 'சர்ர்ர்'னு பதில் வந்தது. கப் காலி.

உங்க ஊர்ல இந்தச் சத்தத்துக்கு என்ன சொல்லுவீங்க? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்களே.